மாற்ற வேண்டியது எஞ்சினா?

ஒட்டுசுட்டானிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்துள்ளார். ஜேர்மனியில் வாழும் அவருடைய மாமா, சென்ற விடுமுறையில் ஊர் வந்தபோது, வானொலி அலையினால் தூரத்திலிருந்து இயக்கப்படும் சிறிய லொறி ஒன்றைப் பரிசாக அளித்தாராம். மின்கலத்தில் ஓடுவதன்று அது. 'நைத்திரோ' என்னும் எரிபொருளை உண்டு, புகை கக்கி, மெய்யான எஞ்சினால் ஓடுவது. மாமா மார்கழியில் மீண்டும் வருகின்றார். லொறியின் வேகம் கூடுவதற்கு எந்த எஞ்சினை, எந்தச் சைலன்சரைக் கொண்டுவரச் சொல்லலாம் என்பது மாணவரின் வினா. கடிதத்தின் ஓரத்தில், கொழும்பிலிருந்து தருவித்த எரிபொருள் அரைப் போத்தலே எஞ்சியுள்ளது என்றும் எழுதியிருக்கின்றார். அவருடைய வினாவுக்குரிய விடை அந்த ஓரத்து வரியிலேயே இருக்கின்றது என்பது நமது எண்ணம். அதனை விளக்குமுன் இச்சிறு எஞ்சினின் இயல்பைச் சற்று நோக்குவோம்.

இது ஈரடிப்பு எஞ்சின். பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் இதன் வேலை முழுவதும் முடிந்துவிடும். பெரும்பாலான லொறிகளில் இதன் கொள்ளளவு 2.5 முதல் 4.6 கன சென்ரிமீற்றர் வரையே. அப்படியிருந்தும் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்களையும் கடந்து சுழலவல்லது. இதற்குத் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. 1940களின் இறுதியில் அமெரிக்கரான ரே ஆர்டன் பரப்பிய தணற் பிளக்கே இதில் உண்டு. அதிலுள்ள பிளாற்றினக் கம்பிச் சுருளைத் தொடக்கத்தில் மின்கலத்தால் சூடேற்றினாற் போதும்; பின்னர் எரிபொருளே அதனைத் தணலாக வைத்திருக்கும்.

எரிபொருளிலே மூன்று பொருள்கள் உள. பெரும்பகுதி மெதனோல், ஒரு பகுதி நைத்திரோமீதேன், மற்றொன்று எண்ணெய். இவ்வெஞ்சினுக்கு வேறாக எண்ணெய் ஊற்றும் இடம் இல்லை. எரிபொருளுடன் கலந்துவரும் எண்ணெயே உராய்வைத் தடுக்கின்றது. அவ்வெண்ணெயிலே நம் பாட்டிமார் அறிந்த ஆமணக்கெண்ணெயும் உண்டு என்பது சுவையான செய்தி. இனி, ஒரு கிலோ பெற்றோல் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மெதனோலுக்கு ஏறத்தாழ 6.4 கிலோ, நைத்திரோமீதேனுக்கோ 1.7 கிலோ போதும். ஏனெனில் அது தன்னுள்ளேயே ஒட்சிசனைச் சுமந்துவருவது. ஆகவே, உள்ளே புகும் அதேயளவு காற்றில் மிகுதியான எரிபொருளை எரித்து, மிகுதியான வலுவைப் பெறலாகும்.

இனிப் புகைக்குழாயின் பெருமையைக் கேளுங்கள். சைலன்சர் என்பது சத்தத்தை அடக்குவதற்கு மாத்திரமே என்று பலர் கருதுவர். ஈரடிப்பு எஞ்சினிலே அது இரண்டாவது எஞ்சினைப் போன்றது. கிணற்றில் வாளி விழுந்ததும் எழும் அலை சுவரில் மோதித் திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். எஞ்சினின் வாய் திறந்ததும் வெளிப்படும் அமுக்க அலையும் அவ்வாறே குழாயினூடு ஓடுகின்றது. குழாய் விரியுமிடத்தில் எழும் உறிஞ்சலலை மீதிப் புகையை வெளியே இழுக்கின்றது. குழாய் ஒடுங்குமிடத்தில் மோதி மீளும் அலையோ, புகையுடன் தப்பியோடும் புதுக் கலவையைத் திரும்பவும் உள்ளே தள்ளுகின்றது. 30,000 சுற்றில் அரைச் சுற்றுக்கு ஆயிரத்தில் ஒரு வினாடியே செல்லும். அதற்குள் அலை போய்த் திரும்பவேண்டும்! ஆதலினாலே குழாயின் நீளம் எஞ்சினுக்கும் வேகத்துக்கும் இசைந்ததாதல் வேண்டும். குறுகிய குழாய் உச்ச வேகத்துக்கு உதவும். நீண்டது குறைந்த சுற்றில் இழுவையைத் தரும்.

இந்த அறிவை முற்றாக வளர்த்தவர் கிழக்கு ஜேர்மனியின் எம்.இசெட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் காடன் என்பவர். 1961ஆம் ஆண்டளவில் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சினிலிருந்து அவர் 25 குதிரைவலுவைப் பெற்றார். அவ்வாண்டிலேயே அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பியோடி, அந்த அறிவை ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்துக்கு எடுத்துச் சென்றார். 1962இல் சுசுக்கி உலக வெற்றியை ஈட்டியது. ஒரு தகரக் குழாயின் வடிவம் நாடுவிட்டு நாடு களவு போகுமளவுக்கு மதிப்புடையதாயிற்று!

அப்படியாயின் நல்ல குழாயும் பெரிய எஞ்சினும் வருவித்தாற் போதாதா? போதாது. முதலாவதாக, எரியக்கூடிய திரவத்தைப் பயணிகள் விமானத்தில் எடுத்துவர இயலாது. மாமா எஞ்சினைக் கொணரலாம், அதன் உணவைக் கொணரமுடியாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும், நைத்திரோமீதேன் வெடிபொருளாக்கத்துக்கு உதவக்கூடியது என்ற காரணத்தால், 16 வீதத்துக்கு மேற்பட்ட கலவையைப் பொதுமக்கள் தாராளமாக வாங்குவதை 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி தடுத்துள்ளது. எஞ்சின் பெரிதாகுந்தோறும் அது குடிக்கும் அளவும் பெரிதாகும். அரைப் போத்தலை வைத்துக்கொண்டு பெரிய எஞ்சினைத் தேடுவது, ஒரு படி அரிசியை வைத்துக்கொண்டு அண்டாவைத் தேடுவது போலாம்.

இவ்வுண்மையை வன்னி மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் நம்மவர் புதிய எஞ்சினைத் தேடவில்லை. கிடைத்த எரிபொருளுக்கு எஞ்சினைப் பழக்கினர். சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். மண்ணெண்ணெய் குளிரில் எளிதாக ஆவியாகாது என்பதே அதற்குக் காரணம். கரி படிந்த பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைத்தனர். நோயாளியை மருத்துவமனைக்கும் நெல்லை ஆலைக்கும் அவ்வாறே கொண்டு சேர்த்தனர். முதலில் எரிபொருளை எண்ணினர். பின்னரே எஞ்சினை எண்ணினர்.

இரண்டாவது, சுவாத்தியம். ஜேர்மனியின் 10 பாகைக் குளிரிலும் பார்க்க, நமது 35 பாகை வெயிலில் காற்று ஏறத்தாழ 8 வீதம் ஐதானது. ஆகவே அங்கே திருத்திய காபுரேற்றர் ஊசி இங்கே மிகுந்த எரிபொருளைவிடும். லொறி புகைந்து சோர்வடையும். எஞ்சின் வலுவற்றது என்று இளைஞர் எண்ணுவதற்கு இதுவே காரணமாயிருத்தலும் கூடும். ஊசியைச் சிறிது சிறிதாகவே இறுக்குதல் வேண்டும். மிகுதியாக இறுக்கினால் எரிபொருளோடு எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் இறுகிவிடும். எஞ்சினின் தலையில் ஒரு துளி நீரிட்டுப் பாருங்கள். மூன்று நான்கு வினாடி கொதித்து மறைந்தால் நன்று. இட்டவுடன் பொரிந்து மறைந்தால் சூடு மிகுதி.

மூன்றாவது, நிலம். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியின் தார் மீது வாகனங்களுக்கிடையே இதனை ஓட்டுவது அறிவுடைமையன்று. எனவே மணலிலும் புழுதியிலுந்தான் அது ஓடவேண்டும். அங்கே உச்ச வேகத்தினும் இழுவையே முக்கியம். சேற்றிலே இருசில்லு உழவு இயந்திரம் ஓடுவதைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். புழுதி எஞ்சினை அரைத்துவிடும். எண்ணெய் தடவிய நல்ல காற்று வடிகட்டியின்றி எந்த எஞ்சினும் நெடுநாள் வாழாது. பெரிய எஞ்சினைப் பூட்டினால் அதன் வலு பற்சக்கரங்களை உடைக்கும். பிறகு அவற்றையும் மாமாவிடமே கேட்கவேண்டும்.

ஆதலின் நமது ஆலோசனை இதுவே. எரிபொருள் ஒழுங்காகக் கிடைக்கும் வழியை முதலில் உறுதிசெய்க. கிடைக்குமாயின், மாமாவிடம் வடிகட்டிகளும், தணற் பிளக்குகளும், இப்போதுள்ள எஞ்சினுக்கென்றே செய்யப்பட்ட, இழுவைக்கு ஏற்ற நீண்ட குழாய் ஒன்றும் கேட்கலாம். புதிய எஞ்சின் கடைசி வரிசையிலே நிற்கட்டும். கிடைக்காதாயின், மின்மோட்டாருக்கு மாற்றுவதில் இழுக்கில்லை. பழைய எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகுக. ஈரடிப்பின் இரகசியத்தைப் பாடப்புத்தகப் படத்திலும் அது நன்றாகக் கற்பிக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மெதனோல் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். தண்ணீர்ப் போத்தலில் அதனை ஒருபோதும் ஊற்றிவைத்தலாகாது. அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. எரிபொருள் ஊற்றும்போது பெரியவர் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பற்றைக்குள் லொறி புகுந்துவிட்டால், அதனை அங்கேயே விட்டுவிடுக. எத்துணை விலையுயர்ந்த எஞ்சினாயினும், பிள்ளையின் ஒரு காலடிக்கு அது ஈடாகாது.