பல்லிக்கு விடுமுறை

கனமழை கொட்டினால் போதும், சமூக வலைதளங்களில் பல்லிகளுக்கு விடுமுறை கிடைத்துவிடுகிறது. விடுமுறை உண்மையில் பள்ளிக்கு. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் பல செயலிகளில் சின்ன ‘எல்’ லகரம், பெரிய ‘எல்’ ளகரம். அவசரத்தில் ஷிப்டை யார் அழுத்துகிறார்கள்?

இது சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளும் பிழை. கண்ணில் படாமல் நழுவுவது ஒற்று. ‘வேலை கொடு’ என்பவர் உத்தியோகம் கேட்கிறார். ‘வேலைக் கொடு’ என்பவரோ முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறார்! இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ வெளிப்பட்டு நின்றால், அடுத்து வரும் க, ச, த, ப மிகும். ‘சாலையைக் கடந்தார்’, ‘அவரைப் பார்த்தார்’ எல்லாம் இந்த ஒரே விதிதான்.

‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்ற மல்லுக்கட்டு வேண்டாத வேலை. இரு தரப்பும் இலக்கணம் காட்டுகின்றன, பொருளோ மாறுவதில்லை.

‘மரங்கள் விழுந்தது’ பேச்சில் இயல்பு. செய்தியாக எழுதும்போது ‘விழுந்தன’ என்றே வர வேண்டும்.

‘சுவற்றில் எழுதாதீர்’ என்பது இணையத்துக்கு முன்பே தெருவில் இருந்த பிழை. ஆறு ‘ஆற்றில்’ ஆகும், சேறு ‘சேற்றில்’ ஆகும், சுவர் ‘சுவரில்’தான்.