எடை சரி என்றால் எல்லாம் சரியா?

“மூன்று கிலோ இருக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறது, பிறகென்ன கவலை?” கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஆலைப் புகையும் பச்சிளங்குழந்தையும் பேச்சில் வந்தால், பாட்டிமார் முதல் படித்தவர் வரை சொல்வது இதுதான். நஞ்சு தாயோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. கிரகணத்தன்று கர்ப்பிணியை வாசல் தாண்ட விடாத நாம், பத்து மாதமும் அவள் சுவாசிக்கும் புகையைக் கண்டுகொள்வதில்லை.

இந்த நம்பிக்கை பொய். ஆபத்தான பொய்.

சிப்காட்டில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகள் உண்டு. ஈயத்தை நஞ்சுக்கொடி தடுப்பதில்லை. தாயின் இரத்தத்தில் இருப்பது சிசுவுக்கும் போகிறது. சிறுவயதில் அவள் உடலில் சேர்ந்த ஈயம்கூட எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருந்து, கர்ப்பத்தில் சுண்ணாம்புச் சத்து கரையும்போது சேர்ந்தே வெளிவரும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு போவதால் மட்டும் இதிலிருந்து தப்ப முடியாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறக்கும்போது எதுவும் தெரியாமல் போகலாம்; பாதிப்பு பள்ளி வயதில் கவனச் சிதறலாகத் தலைகாட்டலாம். அப்போது பழி பிள்ளையின் மேல் விழும்.

ஜப்பானின் மினமாட்டாவிலும் நஞ்சு தாயோடு நின்றுவிடும் என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியே தாய்மாருக்குள் போனது. பல தாய்மாருக்குப் பெரிய பாதிப்பு தெரியவில்லை. பிள்ளைகளோ மூளை சிதைந்து பிறந்தார்கள். அது கருவிலேயே வந்த நோய் என்று 1962ல்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நம்மூரில் தாயத்தில் அடைப்பதுபோல் அங்கும் குடும்பங்கள் காயவைத்துப் பாதுகாத்த தொப்புள்கொடிகளைப் பின்னர் சோதித்தபோது, அவற்றில் பாதரசம் இருந்தது.

பிறக்கும்போதே நஞ்சைக் கண்டறியும் சோதனை கடினமானதல்ல. கொடியை வெட்டியபின் அதிலிருந்து சிறிது இரத்தம் எடுத்தால் ஈய அளவு தெரியும்; குழந்தைக்கு ஊசி வேண்டாம். பிறந்ததும் கழியும் கரும்பச்சை மலம் கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குடலில் சேர்ந்தது. போதைப்பொருள், பூச்சிக்கொல்லி எனப் பலவற்றின் தடயம் அதில் கிடைக்கும்.

“இந்தச் சோதனை தாய்மாரை வீணாகப் பயமுறுத்தும்” என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் கர்ப்பிணிகளைச் சம்மதமின்றிப் போதைப்பொருளுக்காகச் சோதித்துப் போலீஸிடம் சொன்னார்கள். சம்மதமற்ற அத்தகைய சோதனை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2001ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் கேட்பது வேறு: தாயின் சம்மதத்தோடு சோதனை, அவளுக்குச் சிகிச்சை, விசாரணை ஆலையிடம்.

கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தச் சோதனையை அரசு தொடங்க வேண்டும். பெயர்களை மறைத்து ஊர்வாரியாக முடிவுகளை வெளியிட வேண்டும். எடை பார்க்கும் தராசு ஈயத்தைக் காட்டாது.