குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் செல்லும் எளியவர்களைத் தரகர்களின் வஞ்சனையிலிருந்து காக்கும் பொருட்டு 1983ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டத்தை நடத்திவைக்கும் பொறுப்பு தங்களுடையது ஆதலால், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளில் ஒருவனுக்கு அயல்நாட்டு உத்தியோகம் எந்த வழியாகக் கிடைக்கிறது என்பதைத் தங்கள் சமூகத்தில் விண்ணப்பித்துக்கொள்வது என் கடமை என்று கருதுகிறேன்.

சட்டத்தின் வாசகத்தில் குறை காண்பதற்கில்லை. பதிவுச் சான்று பெற்ற முகவரன்றி வேறெவரும் ஆள் சேர்க்கலாகாது; அவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கட்டணம் கேட்கலாகாது; வாங்கிய தொகைக்கு ரசீது தர வேண்டும்; பத்தாம் வகுப்புத் தேறாதவன் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் தங்கள் இலாகாவின் அனுமதி பெற வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காகவே விதித்திருக்கிறது. ஆனால், இச்சட்டம் அறிந்த முகவர் சென்னையிலோ மும்பையிலோ குளிர்சாதன அறையில் வீற்றிருக்க, வேலை தேடும் கொத்தனார் அறிந்தவரோ கடைத்தெரு ஜெராக்ஸ் கடை வாசலில் பாஸ்போர்ட் நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் உள்ளூர் ஏஜென்ட். அவருடைய மச்சினர் துபாயில் இருக்கிறார் என்பதே அவருக்குள்ள யோக்யதாம்சம்.

மனைவியின் நகையை அடகு வைத்தும், போதாததற்கு வட்டிக்கு வாங்கியும் திரட்டிய லட்ச ரூபாய் அவரிடம் கைமாறும்போது துண்டுச் சீட்டுகூட எழுதப்படுவதில்லை. ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சான ஒப்பந்தமோ, புறப்படும் நாளில் திருச்சி விமான நிலைய வாசலில், டிக்கெட்டோடு சேர்த்துத்தான் பல பேருக்குக் கையில் வருகிறது. “அங்கே போனா எல்லாம் சரியாயிடும், தம்பி” என்பதே அதற்கு அவர் சொல்லும் வியாக்கியானம். கையெழுத்திட வேண்டிய இடத்தைப் பேனாவால் சுழித்துக் காட்டும் பரோபகாரம் மட்டும் அவரிடம் குறைவதில்லை.

இதனினும் கொடியது விசிட் விசா. தங்கள் அனுமதிக்குக் காத்திருந்தால் வேலை கைநழுவிப் போகும் என்று அச்சுறுத்தி, சுற்றுலாப் பயணி என்ற பெயரில் ஏற்றிவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு அனுமதி தேவையில்லை ஆதலால் அவன் பெயர் தங்கள் ஏடுகளில் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தால், இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் அவனுக்கு வாய்ப்பதில்லை. விசாவின் தவணை தீர்ந்துவிட்டாலோ அந்நாட்டுச் சட்டத்தின் முன் அவனே குற்றவாளியாகிவிடுவதால், சம்பளம் வரவில்லை என்று முறையிடவும் அஞ்சுகிறான்.

அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற மெய்யான முகவர் யார் என்று பார்த்துக்கொள்ளலாமே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. பார்க்கலாம்தான், ஆனால் ஏஜென்ட்டின் பெயர் அதில் இராது, எந்த முகவருக்காக அவர் ஆள் பிடிக்கிறார் என்பதையோ அவர் வாய் திறந்து சொல்வதில்லை. ஆகவே, ஜனங்களுக்கு விழிப்பில்லை என்று பழி சொல்லும் அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை.

பாதுகாப்பு என்பது பணம் கைமாறும் இடத்திற்கு வந்து சேர வேண்டும். அயல்நாடுகளுக்கு ஆள் அனுப்புவதற்கென்றே 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இராமேசுவரத்து மீனவன் மகனுக்கு அது துபாயைப் போலவே தூரம். அந்நிறுவனத்தோடு கலந்து, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஓர் ஊழியரை அமர்த்துவதும், முகவர் பட்டியலையும் கட்டண வரம்பையும் வட்டாட்சியர் அலுவலகச் சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. முதலில் இராமநாதபுரம் மாவட்டத்திலேனும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
புதுக்கோட்டைச் சீமைக் குடிமகன் ஒருவன்