மிதித்தேன் - நிற்கவில்லை!

தோழரே,

"மிதித்தேன் - நிற்கவில்லை!"

இரண்டே சொற்கள். இவற்றைச் சொல்ல ஒருவன் உயிரோடு மீண்டு வந்தானே என்று மகிழ வேண்டிய உலகம் அவனிடம் என்ன கேட்கிறது? "சரியாக மிதித்தாயா?" என்று கேட்கிறது. "மழை பெய்திருக்கும்" என்கிறது. "சாலை பழுதாக இருந்திருக்கும்" என்கிறது. எதற்கும் அவன் அசையாவிட்டால், "உனக்கு அப்படித் தோன்றியிருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுகிறது. குற்றக் கூண்டிலே நிற்க வேண்டியது வண்டி. நிறுத்தப்படுகிறவனோ அதை விலைகொடுத்து வாங்கியவன்!

கற்பனை என்று கருதிவிடாதீர். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உலகமே கண்ட காட்சி இது.

டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் கார், பெட்ரோலும் மின்சாரமும் இணைந்து இயக்கும் வண்டி. அதன் பிரேக்கும் இருவகைப் பிடி கொண்டது. மிதித்தவுடன் மின்மோட்டார், சக்கரத்தின் வேகத்தை வாங்கி மின்சாரமாக்கி மின்கலத்துக்கு அனுப்புகிறது. திரவ அழுத்தத்தால் இயங்கும் வழக்கமான பிரேக்கும் உடன் நின்று பிடிக்கிறது. பனி படர்ந்த சாலையிலோ, மேடு பள்ளத்திலோ சக்கரம் வழுக்கினால், அது பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு குறுக்கிடுகிறது. அப்போது ஒரு பிடி விலகி மறுபிடி ஏற்கும் இடைவெளியிலே, ஒரு கணம், காலுக்குக் கீழே பிரேக் கைவிட்டது போல் ஆகிறது!

ஒரு கணந்தானே என்பீர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அரை வினாடியில் 8 மீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். சாலையைக் கடக்கும் தாய்க்கும் சேய்க்கும் அந்த 8 மீட்டர் வெறும் தொலைவன்று. வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு.

அமெரிக்க உரிமையாளர்கள் எழுதினர். 124 முறையீடுகள்; அவற்றுள் 4, விபத்தே நேர்ந்ததாகக் கூறியவை. பிப்ரவரி 4-இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கிற்று. நிறுவனத்தார் தந்த விளக்கமோ, இது ஓட்டுபவரின் உணர்வைப் பொறுத்தது என்பதாக இருந்தது.

உணர்வைப் பொறுத்ததாம்! அப்படியானால், ஜனவரியிலேயே தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புதிய வண்டிகளுக்கு மட்டும் பிரேக்கை ஆளும் மென்பொருளைத் திருத்தியது ஏன்? விற்காத வண்டிக்கு வைத்தியம். விற்ற வண்டிக்கு விளக்கவுரை! பணம் கொடுத்துவிட்டவன் பாதையிலே. பணம் கொடுக்கப் போகிறவனுக்கே பாதுகாப்பு! இதுவன்றோ வணிக நீதி?

அந்த நீதி ஐந்து நாள்தான் நின்றது. பிப்ரவரி 9-இல், உலகெங்கும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துத் திருத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அதே திங்கள் 24-ஆம் நாள், தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, பிரேக்குக்கு மட்டுமன்றி, ஆக்சிலரேட்டர் பற்றிய புகார்களுக்கும் விடை கூற வேண்டியவரானார்.

"முறையிடுவோர் அனைவரும் மெய்யே உரைப்பவரோ?" என்று கேட்பாருண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்வி. ஆக்சிலரேட்டர் புகார்களை நாசாவின் பொறியியலாளர்களைக் கொண்டே ஆராய்ந்து, மின்னணுக் கோளாறு காரணமென்று காணப்படவில்லை என 2011 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பிரேக் என்று எண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்தவர்களும் இருந்தனர். ஆனால், தோழரே, அதையும் ஆராய்ந்துதானே அறிந்தார்கள்! ஆராயாமலே பொய்யென்று தள்ளுவது அறிவாகாது, ஆணவம்.

அமெரிக்காவிலும் இந்தச் செவி தானாக முளைக்கவில்லை. 1965-இல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர், கார்களின் வடிவமைப்பிலேயே ஆபத்து இருப்பதைக் காட்டி நூல் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? வண்டியை ஆராயவில்லை, நாடரின் வாழ்க்கையைத் துப்பறிய ஆள் ஏவிற்று! குட்டு வெளிப்பட்டது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு பெற்றது. நல்லது, வரவேற்போம். ஆனால் உரிமையாளர் குரலால் அந்தக் கதவு திறக்க, அரசு குறிக்கும் அளவு பேர் முறையிட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். சோதனை நிலையத்தின் அறிக்கையாலும் திறக்கலாம்; ஆனால் சோதனை நிலையமா தினமும் சாலையிலே வண்டி ஓட்டுகிறது?

அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்ட பிரியஸ் வண்டிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். முறையிட்டவரோ 124 பேர். ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர். அந்த ஒருவரின் சொல் அங்கே விசாரணைக்குப் போதுமானதாக இருந்தது. இங்கே கூட்டம் சேர்ந்தால்தான் கதவு அசையும் என்றால், தனியொருவன் பட்ட பாட்டை எந்தத் தராசில் நிறுப்பது? பிரேக் பழுதிலே முதல் முறையீட்டுக்கும் கடைசி முறையீட்டுக்கும் நடுவே வீழ்வது எண்களல்ல, உயிர்கள்! ஆகவே, எண்ணிக்கைக்குக் காத்திராமல், உயிரைப் பறிக்கும் பழுது பற்றிய முதல் முறையீட்டையே ஆராய வேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

அதுவரை நம் கடமை ஒன்றுண்டு. நம் கிளைகள்தோறும் வாடகைக் கார் ஓட்டும் தோழர்கள் இருக்கிறார்கள். "பிரேக் சரியில்லை" என்று தேநீர்க் கடையிலே சொல்லிவிட்டு மறுநாள் அதே வண்டியை எடுப்பவர்கள் அவர்கள். அந்தச் சொல் காற்றிலே கரைய விடாதீர். நாள், இடம், வேகம், வண்டியின் எண், நேர்ந்தது என்ன - அனைத்தையும் எழுத உதவுங்கள். போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பச் செய்யுங்கள், படியொன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

சக்கரத்தை நிறுத்தக் காலுக்குக் கீழே ஒரு பிரேக் உண்டு. இலாபத்தின் வேகத்தை நிறுத்த மக்களுக்குள்ள பிரேக், முறையீடுதான். அதை மிதிக்கத் தயங்காதீர், தோழரே. எல்லோரும் சேர்ந்து மிதித்தால் அது நிற்கும்!