தாய் வயிறும் எக்ஸ்-ரே கதிரும்



கருவுற்றிருப்பதை அறியாமலே எக்ஸ்-ரே எடுத்துக்கொண்ட பெண்கள், "சுவாமி, பிள்ளை ஊனமாய்ப் பிறக்குமாம், கலைத்துவிடச் சொல்கிறார்கள்" என்று கண்ணீரோடு வருவதுண்டு. அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். உறவினரோ பக்கத்து வீட்டாரோதாம். கருக்கலைப்பைப் பற்றித் திருச்சபை கற்பிப்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கே விஞ்ஞானம் கூறுவதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் மேல்நாடுகளில், சிசு எவ்வாறு கிடக்கிறது, இரட்டையா என்று அறியவே கர்ப்பிணிகளின் வயிற்றை எக்ஸ்-ரே எடுத்தனர். இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் பெண் மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் அன்னையரிடம் அவர்களுடைய கர்ப்பகாலத்தைக் குறித்து விசாரித்தறிந்தார். நலமாயிருந்த குழந்தைகளின் அன்னையரிடமும் அவ்வாறே விசாரித்தார். வயிற்றிலிருக்கையில் கதிர் பட்ட குழந்தைகள் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ இருமடங்கு என 1956இல் தெரிவித்தார். தாய்மாரின் ஞாபகம் ஒரு சான்றா என்று வல்லுநர் பலர் நெடுங்காலம் ஏற்க மறுத்தனர். ஆனால் 1962இல் அமெரிக்காவில் மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு நடந்த ஆய்வும் அபாயம் உண்டென்றே காட்டிற்று.

எனினும், 'இருமடங்கு' என்றதும் நடுங்க வேண்டா. கதிர் ஏதும் படாவிடினும், ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவருக்கு இளவயதில் புற்றுநோய் வருகிறது. கருவின்மீது 10 மில்லிகிரே கதிர் பட்டால் அது நால்வராகலாம். தாய்க்கு நெஞ்சில் எக்ஸ்-ரே எடுக்கையில் கருவை அடைவதோ 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. வயிற்று எக்ஸ்-ரேயில் சராசரி 1.4, இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேனில் சராசரி 25. நூறு மில்லிகிரேக்கு உட்பட்ட கதிரைக் காரணம் காட்டிக் கருவை அழிப்பது நியாயமாகாது என்று பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2000ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. ஊனம் உண்டாக்கும் அளவும் அதற்கு மேற்பட்டதே.

புற்றுநோய்க்கு அளிக்கும் கதிர்ச் சிகிச்சை வேறு. அதன் அளவு மிகப் பெரிது. இன்று சிசுவைப் பார்க்க எடுக்கும் அல்ட்ராசவுண்டோ ஒலியலையே. அதில் இக்கதிர் கிடையாது.

ஆகவே சகோதரிகளே, மாதவிலக்கு ஒரு நாள் தள்ளியிருந்தாலும் எக்ஸ்-ரே அறையில் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அவசியமான படமென்றால் மருத்துவர் ஏற்ற காப்போடு எடுப்பார்; அவசரமில்லையெனில் தள்ளிவைப்பார். ஏற்கெனவே எடுத்தாயிற்றென்றால், எந்த உறுப்பில், எத்தனை படம், எந்த நாளில் என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறும் பெரிய மருத்துவமனைகளில் கருவை அடைந்த அளவைக் கணக்கிட வல்ல மருத்துவ இயற்பியலாளர் உண்டு. அந்தக் கணக்கு கைக்கு வருமுன் வீட்டில் எவரும் வேறு பேச்செடுக்க வேண்டா.