அல்ஜப்ர்: நம் பிள்ளைகள் பெற வேண்டிய பங்கு



நம் சமுதாயத்தின் கல்விக் கூட்டங்களில் தவறாமல் ஒலிக்கும் செய்தி ஒன்று உண்டு. "அல்ஜிப்ரா என்னும் கணிதத்தை உலகுக்கு வழங்கியவர்கள் நம் முன்னோர்" என்பதே அது. சொல்பவர் குரலில் பெருமிதம். கேட்பவர் முகத்தில் மகிழ்ச்சி. கூட்டம் முடிந்து வீடு திரும்பினால், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் இருபடிச் சமன்பாட்டின் முன் விழித்தபடி அமர்ந்திருக்கிறாள். "விடும்மா, கணக்கு நம்ம வீட்டுக்கு ஒத்துவராது. பதினொன்றாம் வகுப்பில் வேறு பிரிவு எடுத்துக்கொள்" என்று, சற்று முன் கைதட்டிய அதே அத்தா ஆறுதல் கூறுகிறார்.

பாட்டனார் எழுதி வைத்த பத்திரம் பெட்டியில் இருப்பதால் மட்டும் நிலம் விளைந்துவிடாது. இறங்கி உழ வேண்டும். கணிதமும் அத்தகைய சொத்துதான்.

அந்த அத்தாவின் ஆறுதல் மொழியில் உள்ள இழப்பை முதலில் எண்ணிப் பார்ப்போம். மேல்நிலை வகுப்பில் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்குத் திருச்சி என்.ஐ.டி.யின் பொறியியல் வகுப்புகளும் சென்னை ஐ.ஐ.டி.யின் பொறியியல் வகுப்புகளும் அன்றே அடைபட்டுப் போகின்றன. அவற்றுக்கு வழிவிடும் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வின் மூன்றில் ஒரு பங்கு கணிதமே. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே போதும். ஆனால் அந்த மதிப்பெண்ணிலும் கணிதத்தின் எடையே பெரிது. பதினைந்து வயதில் ஒரு மாலைப் பொழுதில் சொல்லப்படும் ஒரு வார்த்தை எத்தனை கதவுகளை மூடுகிறது, பாருங்கள்!

வாரிசுரிமையும் கணிதமும்

மதரஸாவில் பாடம் நடத்தும், கலைப்பிரிவில் பட்டம் பெற்ற ஒருவனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைப் பாடத்தைக் கற்பிப்பவனுக்குப் பின்னங்களே அன்றாடத் தொழில். ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு இறந்தால் சொத்தை 24 பங்காக்கி மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 என்று பிரிக்கிறோம். ஒரு பங்கு தவறினாலும் ஒருவருடைய உரிமை பறிபோகும். ஆகவே கணக்கு இங்கே வெறும் கணக்கு அன்று, நீதி.

முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அவர்களும் இந்தத் தேவையை முன்னிட்டே எழுதினார்கள். கலீஃபா மஃமூன் ஆட்சி புரிந்த காலத்தில் (கி.பி. 813–833) பக்தாதில் அவர்கள் இயற்றிய ‘ஜப்ர், முகாபலா’ கணக்கு நூலின் பிற்பகுதி முழுவதும் வாரிசுரிமை, மரண சாசனக் கணக்குகளே. வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கும் இக்கலை வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அந்நூல் 1145-இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது ‘அல்ஜப்ர்’ என்ற சொல்லும் உடன் சென்று ‘அல்ஜிப்ரா’ ஆயிற்று.

உண்மையை மறைக்காமல் சொல்வோம். இவ்வகைக் கணக்குகளை அவர்களுக்கு முன்னும் பலர் போட்டிருக்கிறார்கள். பாபிலோனியர் களிமண் பலகைகளில் போட்டார்கள். நம் நாட்டுப் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் மிகை எண்ணைத் ‘தனம்’ என்றும் குறை எண்ணைக் ‘கடன்’ என்றும் கொண்டு விதிகள் வகுத்தார். சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழியும் அவ்வழி சரியென்பதற்கு வரைபட ஆதாரமும் காட்டி, எளியவரும் கற்கும் ஒழுங்கில் வைத்ததே அல்குவாரிஸ்மி அவர்களின் அருஞ்செயல்.

அவர்கள் எண்ணின் வர்க்கத்தை ‘மால்’ என்று அழைத்தார்கள். பைத்துல் மால் என்கிறோமே, அதே மால், அதாவது சொத்து. வர்க்கத்துக்கு அடிப்படையான எண்ணை ‘ஜித்ர்’ என்றார்கள், அதாவது வேர். நம் பாடநூல் ‘மூலம்’ என்று கூறுவதும் அதுவே.

ஒரு கணக்கு, ஒரு சதுரம்

அந்நூலின் புகழ்பெற்ற கணக்கு இது: ஒரு மாலும் பத்து ஜித்ரும் சேர்ந்தால் 39. வேர் எது? தேடும் எண்ணுக்கு ‘ய’ என்று பெயரிட்டால், ய² + 10ய = 39.

காகிதத்தில் ‘ய’ பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். பத்தைப் பாதியாக்கி, 5 அகலமுள்ள இரு பட்டைகளைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். மொத்தப் பரப்பு 39. ஒரு மூலை மட்டும் காலியாக நிற்கும். அதன் பரப்பு ஐயைந்து இருபத்தைந்து. அதை நிரப்பினால் 39 + 25 = 64 பரப்புள்ள பெருஞ்சதுரம் கிடைக்கிறது. அதன் பக்கம் 8. ஒட்டிய 5ஐ நீக்கினால் 3. வேர் கிடைத்துவிட்டது! சரிபார்ப்போம்: 9 + 30 = 39.

‘வர்க்கப் பூர்த்தி’ என்று பாடநூல் கூறுவது இந்தக் காலி மூலையை நிரப்புவதைத்தான். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சூத்திரமும் இதிலிருந்து பிறந்ததே. படத்தை வரைந்து பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் வழி மறக்காது.

அல்குவாரிஸ்மி அவர்கள் 3 என்ற விடையோடு நின்றார்கள். நிலத்தின் பக்கமோ சொத்தோ குறை எண்ணாக இருக்க இயலாதல்லவா? இன்றைய தேர்வோ மற்றொரு மூலத்தையும் கேட்கும், அது −13. (169 − 130 = 39.)

விடை உண்டா என்று முதலில் கேள்

அதே நூலின் மற்றொரு கணக்கு: பத்தை இரு கூறாக்கு, இரண்டையும் பெருக்கினால் 21 வர வேண்டும். ஒரு கூறு ‘ய’ என்றால், 10ய − ய² = 21. இங்கே குறைந்து நிற்கும் ய²-ஐ இருபுறமும் கூட்டி, குறையை ஈடு செய்கிறோம்: 10ய = ய² + 21. இந்த ஈடு செய்தலே ‘ஜப்ர்’. முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் அச்சொல்லே வழங்கும். இருபுறமும் உள்ள ஒத்த உறுப்புகளைச் சமமாகக் கழிப்பது ‘முகாபலா’.

இனி, பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதிலிருந்து 21 போக 4. அதன் வர்க்கமூலம் 2. ஐந்திலிருந்து 2 கழித்தால் 3, கூட்டினால் 7. இரண்டுமே விடைகள்.

இவ்விடத்தில் அந்த ஆசான் ஓர் எச்சரிக்கை தருகிறார்கள். பாதியின் வர்க்கம் அந்த எண்ணைவிடச் சிறியதானால் இக்கணக்கு நடவாது. இரண்டும் சமமானால் பாதியே விடை. ‘தன்மைக்காட்டி’ என்று இன்று பத்தாம் வகுப்பில் நடத்தப்படுவது இதே கருத்துத்தான். அவர்கள் 25-இலிருந்து 21ஐக் கழித்தார்கள். பாடநூல் 100-இலிருந்து 84ஐக் கழிக்கிறது. நான்கு மடங்கு என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. அது மிகை எண்ணானால் இரு மெய் மூலங்கள். பூச்சியமானால் சம மூலங்கள். குறை எண்ணானால் மெய் மூலம் இல்லை.

விடையைத் தேடுமுன், விடை உண்டா, எத்தனை உண்டு என்று கேட்கும் இந்தப் பண்பையே நுழைவுத் தேர்வு சோதிக்கிறது. வேகத்தை மட்டும் சோதிப்பதாக எண்ணுவோர் ஏமாறுகிறார்கள்.

தேர்வு விரிக்கும் வலைகள்

2025-இல் நடந்த ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 வினாடி. ஆகவே, செய்ய வேண்டாத வேலையைச் செய்யாதிருப்பதே முதல் திறமை.

ஒரு வினா: ய² − 7ய + 5 = 0 என்பதன் மூலங்களுடைய வர்க்கங்களின் கூடுதல் என்ன? மூலங்களைக் கண்டுபிடிக்கப் புகுந்தால் வர்க்கமூலம் 29 வந்து வழிமறிக்கும். அது தேவையே இல்லை. மூலங்களின் கூடுதல் 7, பெருக்கற்பலன் 5. கூடுதலின் வர்க்கம் 49. அதில் பெருக்கற்பலனின் இரு மடங்கு 10 போக, 39. வினா மூலங்களைக் கேட்கவில்லை. கேளாததைத் தேடி நேரத்தை இழப்பானேன்?

மற்றொன்று: ‘ய + 6’ என்பதன் வர்க்கமூலம் ‘ய’-வுக்குச் சமம், ‘ய’ எது? இருபுறமும் வர்க்கமாக்கினால் ய² − ய − 6 = 0. மூலங்கள் 3, −2. இரண்டையும் குறித்துவிட்டு மகிழ்பவர் மிகப் பலர். −2ஐ மூலக் கணக்கில் இட்டுப் பாருங்கள்: 4-இன் வர்க்கமூலம் 2, அது −2 ஆகாது. எனவே விடை 3 மட்டுமே. வர்க்கமாக்கும்போது விருந்தாளியோடு அழையாதவரும் உள்ளே வந்துவிடுகிறார். வாசலில் நின்று சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது: (க − 1)ய² + 4ய + 2 = 0 என்பதற்கு ஒரே ஒரு தீர்வு இருக்க வேண்டுமானால் க எவ்வளவு? தன்மைக்காட்டியைப் பூச்சியமாக்கினால் க = 3. இத்துடன் நின்றால் தவறு. க = 1 ஆனால் முதல் உறுப்பே மறைந்து 4ய + 2 = 0 ஆகிறது; அதற்கும் ஒரே தீர்வுதான். எனவே 1, 3 என இரு மதிப்புகள். வினாவிலே ‘இருபடிச் சமன்பாடு’ என்ற சொல் இருந்திருந்தால் 3 மட்டும். ஒரு சொல்லைக் கவனியாமல் கடந்தால் விடை மாறிவிடுகிறது. ஓதும்போது ஓர் எழுத்தையும் விடாமல் உச்சரிக்கப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்தக் கவனம் புதிதா என்ன?

தெரியாத வினாவை என்ன செய்வது? சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 கழியும். நான்கு தெரிவுகளுள்ள நான்கு வினாக்களைக் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு, மிஞ்சுவது 1. ஆனால் மூலங்களின் கூடுதல், பெருக்கற்பலன், குறி ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு தெரிவுகளை நீக்க முடிந்தால், இரண்டு சரி, இரண்டு தவறு, மிஞ்சுவது 6. அரைகுறை அறிவுக்கும் இவ்வளவு மதிப்பிருக்கிறது. குருட்டுத் துணிச்சலுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இன்னுமொரு செய்தி. இத்தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். எனினும் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது. ஆகவே தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் ‘தன்மைக்காட்டி’ என்ற சொல்லோடு ‘டிஸ்கிரிமினன்ட்’ என்ற சொல்லையும் அறிந்து வைத்திருப்பது நலம்.

பெற்றோர்களே, உங்களிடம்

சேவுகம்பட்டி போன்ற சிற்றூரில் பெருநகரத்துப் பயிற்சி நிலையங்கள் இல்லை. திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்பிப் பணம் கட்டும் வசதி எல்லார்க்கும் இல்லை. ஆனால் ஒரு பலகை, ஒரு சாக்குக்கட்டி, மாலையில் அரை மணி நேரம் ஆகியவை எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தச் சதுரத்தை வரைந்து, பட்டைகளை ஒட்டி, காலி மூலையைக் காட்டும்படி பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. "இது ஏன் இப்படி வந்தது?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். விளக்கிச் சொல்லும் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும்.

குறிப்பாகப் பெண்மக்களின் பெற்றோருக்கு ஒரு சொல். பாகப்பிரிவினையில் மகளின் பங்கைத் தடுப்பது பாவம் என்று அறிந்திருக்கிறோம். கல்வியில் அவளுக்குரிய பங்கை, "உனக்கு வராது" என்ற ஒரே சொல்லால் தடுத்துவிடுகிறோமே, அதை என்னவென்பது? முயன்று பார்த்து, வேறு துறையை அவளே விரும்பினால் அது அவள் உரிமை. முயலுமுன் கதவை அடைக்கும் உரிமை நமக்கில்லை.

இம்மாதம் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு வீட்டுமனையின் நீளம் அகலத்தைவிட 7 மீட்டர் அதிகம். பரப்பு 120 சதுர மீட்டர். நீளம், அகலம் எவ்வளவு? சூத்திரத்தைத் தொடாமல், சதுரம் வரைந்து, காலி மூலையை நிரப்பிக் காணுங்கள். ஏழில் பாதி மூன்றரை என்று அஞ்ச வேண்டாம். கணக்கு அழகாகவே முடியும். இரண்டாவது மூலத்தையும் கண்டு, மனைக்கு அது ஏன் பொருந்தாது என்று ஒரு வரி எழுதி அத்தாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள்.

அறிவை அதிகப்படுத்துமாறு இறைவனிடம் கேட்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். கேட்ட கையில் எழுதுகோலும் இருக்கட்டும். அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக, ஆமீன்.