ஓசையற்ற கணினி

நுழையும்முன்

கணினி வாங்குவோர் அதன் வேகத்தையும் விலையையும் கேட்டறிகின்றனர். அது எழுப்பும் ஓசையைப் பற்றிக் கேட்போர் சிலரே. மின்விசிறி இல்லாத கணினி நம் வீடுகளுக்கு ஏற்றதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரைச்சலும் இருப்பிடமும்

சென்னையின் நெருக்கமான பகுதிகளுள் ஒன்று திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் உண்டு. வெளியூர் இளைஞர்கள் தங்கும் மேன்ஷன்களில் ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். படிப்பும் உறக்கமும் ஓர் அறைக்குள் நிகழும் இத்தகைய இடங்களில், கணினியின் இடைவிடாத இரைச்சல் சிறு குறையன்று. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் கவனத்தை அது சிதைக்கிறது. அருகில் உறங்கும் முதியவரின் துயிலைக் கெடுக்கிறது. ஆகவே, ஓசையற்ற வீட்டுக்கணினியை ஆடம்பரம் என ஒதுக்குவது பொருந்தாது.

வெப்பம் செல்லும் வழி

செயலி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றவே மின்விசிறி சுழல்கிறது. சுழலும்போது அது தெருப்புழுதியையும் மெரினாவிலிருந்து வரும் உப்புக்காற்றையும் உள்ளே இழுக்கிறது. படிந்த தூசி வெப்பத்தைத் தடுக்க, விசிறி மேலும் விரைந்து சுழல்கிறது, இரைச்சலும் பெருகுகிறது.

விசிறியற்ற கணினியில் இப்பணியை உலோகம் ஏற்கிறது. காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது அலுமினியம். செயலியோடு ஒட்டிய அலுமினியத் தகடுகள் வெப்பத்தை வாங்கிப் பரப்புகின்றன. சூடான காற்று மேலெழ, குளிர்ந்த காற்று கீழிருந்து அவ்விடத்தை நிரப்புகிறது. பழைய வீடுகளின் திறந்த முற்றம் வெப்பக்காற்றை மேலே அனுப்பியதும் இந்நெறியாலேயே. சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக, அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்தினால் எஞ்சிய ஓசையும் அடங்கும்.

ஒரு கணக்கு

‘சென்னையின் கோடையில் இது இயலுமா?’ எனச் சிலர் வினவுவர். ஒவ்வொரு வாட்டுக்கும் செயலியின் வெப்பநிலை 2 டிகிரி உயரும்வகையில் தகடு அமைந்துள்ளதாகக் கொள்வோம். அறையின் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ் எனில், 10 வாட் செயலி 58 டிகிரியில் நிலைபெறும். 65 வாட் செயலியோ 168 டிகிரியை எட்டவேண்டிவரும். அதற்கு முன்பே, 100 டிகிரியை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எனவே, விசிறியை அகற்ற விரும்புவோர் முதலில் குறைந்த ஆற்றலில் இயங்கும் செயலியைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

அத்தகைய செயலிகள் இன்று அரியவை அல்ல. 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி விசிறியின்றியே இயங்கியது. 2023-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட என்100 செயலியின் அடிப்படை ஆற்றல் அளவு 6 வாட் மட்டுமே. கட்டுரை எழுதவும், பாடக் காணொலி காணவும், நிரலாக்கம் பயிலவும் இவ்வகைச் செயலி போதுமானது.

தேவையே அளவுகோல்

திரைப்படத் தொகுப்பும் முப்பரிமாண விளையாட்டும் பேராற்றலை வேண்டுவன. அவற்றுக்கு விசிறி இன்றியமையாதது. ஆனால், அத்தகைய பணி எதுவும் செய்யாத வீட்டிலும் விளம்பரத்தை நம்பிப் பேராற்றல் கணினியை வாங்குவது அறிவுடைமையாகாது. நாள்தோறும் எட்டு மணிநேரம் இயங்கும் 100 வாட் கணினி, முப்பது நாளில் 24 யூனிட் மின்சாரத்தைச் செலவிடும். 15 வாட் கணினிக்கு 3.6 யூனிட் போதும்.

திருவல்லிக்கேணியிலிருந்து அண்ணா சாலையைக் கடந்தால், மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெருவை அடையலாம். அங்குச் செல்லும் மாணவர், ‘மிக வேகமானது எது?’ என்று கேட்பதற்கு முன், ‘என் பணிக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?’ எனத் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். அவ்விடைக்கேற்ற கணினியை வாங்கி, மூடிய அலமாரிக்குள் அடைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால், ஓர் அறை வீட்டிலும் ஒருவர் படிக்க, மற்றவர் அமைதியாக உறங்கலாம்.